சட்டைப் பையில் வந்த வெல்லம்

என் வீட்டுக்காரர் பழைய பேட்டரி உடைக்கிற ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். போர் வற்றி, நிலத்தைத் தரிசாகப் போட்டிருந்த நேரம். உத்திரமேரூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, சுற்றிலும் தகரம் அடித்திருந்த இடம் அது. லாரியில் வந்து இறங்கும் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் காரீயத்தை உருக்கிப் பாளமாக ஊற்றுவார்கள்.

சாயங்காலம் முதலாளி ஆளுக்கு ஒரு கட்டி வெல்லமும் வாழைப்பழமும் கொடுப்பார். வெல்லம் தின்றால் உள்ளே போன தூசி வெளியேறிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ரைஸ்மில்லிலும் கல்குவாரியிலும் இதே பழக்கம்தான். இவர் பழத்தை அங்கேயே தின்றுவிட்டு, வெல்லத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். எங்கள் பெண்ணுக்கு அப்போது நாலு வயது. வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ப் பையில் கையை விடுவாள்.

"அப்பனத் தேடல பாரு, வெல்லத்தத் தேடிக்கினு வர்றா" என்பார்.

"இன்னா, வெல்லம் இப்டி கறுப்பா கீது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மகாராணிக்கு வெள்ளச் சக்கரதான் எறங்குமா? நாட்டு வெல்லம் அப்டிதாமே இருக்கும்."

முதலில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. பூச்சி மருந்து கொடுத்தோம். வெளிக்குப் போக முடியாமல் அழுதாள். முகம் வெளுத்துப்போனது. நாத்தனார் மிளகாய் சுற்றிப் போட்டாள். அப்புறம் பெண்ணின் பேச்சு குறைந்தது. பூனை வந்தது, பால் குடித்தது, ஓடிவிட்டது என்று கதையாகச் சொல்லுகிறவள் "பூன" என்பதோடு நின்றாள். கொஞ்ச நாளில் விரலை மட்டும் நீட்டினாள். இவருக்கும் வலது மணிக்கட்டு தொங்க ஆரம்பித்தது. வண்டி பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவர் கையைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேர் ரத்தத்திலும் காரீயம் இருந்தது.

"வேலை செய்யற எடத்துலேருந்து வீட்டுக்கு என்ன எடுத்துட்டு வருவீங்க?"

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு ஆணி கூட எடுத்தாந்ததில்ல மேடம். நம்ம வூட்டுல அந்தப் பழக்கமே கெடையாது."

நான் யாரிடமும் வாய் திறந்து பேசுகிறவள் இல்லை. "வெல்லம்" என்றேன். டாக்டரம்மா காதில் விழவில்லை. தூசிக்கென்று முதலாளி கொடுப்பதையும், இவர் பையில் கொண்டுவந்து பெண் தின்பதையும் சேர்த்து இன்னொரு தரம் சொன்னேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். "அந்தக் காரீயத் தூசிய வெல்லத்துல ஒட்டி ஒட்டிக் குழந்தைக்கு ஊட்டியிருக்கீங்க. வெல்லம் எதையும் வெளியேத்தாதுப்பா."

இவர் மறுநாளே வேலையை விட்டார். கொஞ்ச நாளில் ஷெட்டையே கழற்றி வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். இவர் வேலைக்குப் போட்ட துணிகளைத் தூக்கிப் போட்டோம். தினமும் ஈரத்துணியால் வீட்டைத் துடைத்தேன். பெண்ணை ஆஸ்பத்திரியிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். மறுபடி ரத்தம் எடுத்தபோது குறைந்திருந்தது.

"கொறஞ்சிட்ச்சி இல்ல மேடம், இனிமே முன்ன மாரி பேசுவா இல்ல?" என்று இவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் கேட்க நினைத்ததும் அதுதான்.

"ரத்தத்துல கொறையும். மூளையக் கெடுத்தது கெடுத்ததுதான். பேச்சுப் பயிற்சி குடுங்க, கொஞ்சம் தேறலாம். முன்ன மாதிரின்னு நான் சொல்ல மாட்டேன்."

பஸ்ஸில் பெண் என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. டீச்சர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைக்கிறார். உயரமாக இருப்பதால் கடைசியில்தான் இடம். சின்னதுகள் 'அ' எழுதி முடித்துச் சிலேட்டை நீட்டும்போது இவள் வெறும் சிலேட்டை நீட்டுவாளாம்.

"அட்த்த வருசம் மத்த புள்ளைங்கள எட்டிப் புட்ச்சிடுவா, பாரு" என்கிறார் இவர். போன ஜூனிலும் இதையேதான் சொன்னார். டாக்டரம்மா சொன்னதை இவர் மறந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்பதில்லை. "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அவளுக்குத் தலை பின்னுகிறேன்.