கழுவாத ஸ்பாஞ்ச்

"கடல் மட்டும் ஒருநாள் கலங்கிப்போச்சுன்னு வைங்க, அது எங்க வேல்விழி அக்காவுக்குத்தான் போன் போடும். இவ, 'இருங்க, ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து கழுவித் தாரேன்'ம்பா. திமிங்கிலத்தை ஒரு பக்கெட்டுல மாத்தி விட்டுட்டு, கடலைத் தேய்ச்சுக் கவுத்தி வெயில்ல காயப் போட்டுருவா!"

பிள்ளைப்பாக்கத்து மாடி அறையில் வேல்விழியோடு தங்கியிருந்த தங்கமாரி, பார்க்கிறவர்களிடமெல்லாம் இப்படித்தான் அளப்பாள். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த பதினெட்டு வயசுக்காரி. அவள் பேச்சில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். கழுவுகிற விஷயத்தில் மட்டும் அவ்வளவு கழிக்க வேண்டியதில்லை.

வேல்விழிக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். செல்போன் கண்ணாடி செய்கிற கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. வெள்ளை விளக்குக்குக் கீழே கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தாளானால், வேறு யார் கண்ணிலும் படாத கீறல் அவளைப் பார்த்துக் கையாட்டும். நல்லது ஒரு தட்டுக்குப் போகும். கெட்டது 'என்ஜி' என்ற பெயரோடு இன்னொரு தட்டுக்குப் போகும். கம்பெனிச் சுவரெல்லாம் 'ஃபைவ் எஸ்' பாடம்தான்: வேண்டாததைத் தூக்கிப் போடு, இருப்பதை அடுக்கு, துடை, பளபளக்க வை. அந்தப் பாடம் அவளோடு பஸ் ஏறி அறைக்கும் வந்துவிட்டது. தங்கமாரியின் பல் துலக்கும் பிரஷ்ஷுக்குக்கூட லேபிள் ஒட்டியிருந்தாள்.

பகல் முழுக்க அசையாத கண்ணாடியைப் பார்த்த கண்ணுக்கு, உள்ளே ஏதாவது அசைகிற கண்ணாடி ஒன்று வேண்டியிருந்தது. அப்படித்தான் மீன் வந்தது. கடையில் எத்தனையோ மீன் இருக்க, சிக்லிட் என்ற இந்த ஆப்பிரிக்க மீன்தான் அவளைத் திரும்பிப் பார்த்தது. நான்கு மஞ்சள், ஒரு நீலம். நீலம் எப்போதும் மற்ற நான்கையும் விரட்டிக்கொண்டே இருக்கும் என்பதால் அதற்கு 'சூப்பர்வைசர்' என்று பெயர்.

பழைய தொட்டி மூலையில் கசிய ஆரம்பித்ததும் பெரியதாக ஒன்று வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை இடமாற்றம். கடைக்காரர் சொன்னது, போனில் பார்த்தது என்று ஒன்றையும் விடவில்லை. தண்ணீரை முன்கூட்டியே பிடித்து ஆறவைத்தாள். மீன் இருந்த கவரை மிதக்கவிட்டு, புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்கினாள். விளக்கை அணைத்தாள். பழைய எல்லைத் தகராறு தொடரக் கூடாது என்று கற்களைக்கூட வேறு மாதிரி அடுக்கினாள்.

அப்புறம் பழைய தொட்டியிலிருந்து எடுத்த ஃபில்டரைத் திறந்தாள். உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் கறுத்து, கொழகொழவென்று, சேறு நாற்றம் அடித்தது.

"ச்சீ! இதுக்குள்ளயா இத்தனை நாளும் தண்ணி ஓடுச்சு?"

கொதிக்கவைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, நூறு முறை அலசி, மொட்டைமாடியில் காயப்போட்டாள். துணி எடுக்க வந்த வீட்டுக்கார அம்மா சசிகலா அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாமா இது, மீன் முதுவு தேய்ச்சிக்கிற நாரா? எங்க வூட்டு சாமி பாத்திரம்கூட இப்டி பளபளன்னு இல்ல."

வேல்விழிக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வாரம் பாதி தாண்டுவதற்குள் மஞ்சள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தீனியைத் தொடவில்லை. சூப்பர்வைசர் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடந்தது. யாரையும் விரட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் வேல்விழி தொட்டி முன்னாலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, புளி கரைக்கட்டா?" என்றாள் தங்கமாரி.

"வாயைக் கழுவுட்டி, மூதி!"

"அதையும் நீயே கழுவி விட்ரு."

வேல்விழி மறுபடி எல்லாவற்றையும் கழுவினாள். மீன்கள் இன்னும் மோசமாயின. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, பிறகு நோய் எங்கிருந்து வந்தது? கம்பெனியில் தள்ளுபடி செய்வது அவள் வேலை. இந்த ஐந்தில் ஒன்றைக்கூட அவளால் என்ஜி தட்டில் வைக்க முடியாது.

அடுத்த நாள் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது தணிகாசலத்தின் டீக்கடை கண்ணில் பட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி. கண்ணாடியெல்லாம் பாசி. உள்ளே ஓர் ஆஸ்கர் மீன், அதுவும் சிக்லிட் சாதிதான், பூசணிக்காய் மாதிரி கொழுத்துத் திரிந்தது. வழக்கமாக அந்தப் பக்கம் பார்க்கவே அவளுக்குக் கூசும். இன்று ஆட்டோவை விட்டுவிட்டுக் கிட்டே போய் நின்றாள்.

"அண்ணே, இந்தத் தொட்டிய எப்ப கழுவுனீங்க?"

"வாங்கினப்போ ஒரு வாட்டி."

"சீக்கு வந்ததே இல்லையா?"

"அதுக்கு இன்னா கேடு? கல்லு மாரி கீது."

நல்ல பீஸையும் என்ஜி பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது வேறு என்று பார்ப்பது அவளுக்குப் பழகிய வேலை. ஊர்த் தண்ணீர் ஒன்றுதான். தீனியும் ஏறக்குறைய ஒன்றுதான். அழுக்குதான் வேறு. மீன் விற்ற கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, அமோனியா பார்க்கும் சொட்டு மருந்து வாங்கினாள். மீன் கழிவிலிருந்து வரும் அந்த விஷம் கண்ணுக்குத் தெரியாது; மருந்து விட்டால், விஷம் இல்லாத தண்ணீர் மஞ்சளாக நிற்கும், விஷத் தண்ணீர் பச்சையாகும். இரண்டு தொட்டித் தண்ணீரையும் இரண்டு குப்பியில் எடுத்துச் சொட்டுவிட்டாள். டீக்கடைத் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. அவளுடைய பளிங்குத் தண்ணீர் கரும்பச்சையானது.

ஏன் என்று போனில் தேடியதும் புரிந்தது: அந்தக் கறுப்புச் சேற்றில்தான் விஷத்தைத் தின்கிற நல்ல கிருமிகள் குடியிருந்திருக்கின்றன. அவற்றைத்தான் கொதிக்கவைத்து, வெயிலிலும் காயப்போட்டிருக்கிறாள்.

தங்கமாரியை இழுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, உங்க ஃபில்டர் ஸ்பாஞ்சுல பாதி வெட்டித் தருவீங்களா?"

தணிகாசலம் மரியாதை தெரிந்த மனிதர். பாதியை வெட்டினார், கறுத்து வழிந்ததைப் பார்த்தார், பொம்பளைப் பிள்ளைக்கு இப்படியா கொடுப்பது என்று நேராகக் குழாயடிக்குப் போனார்.

"ஐயோ அண்ணே, கழுவாதீங்க!"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். தணிகாசலத்தின் கை குழாயிலேயே நின்றது.

"கழுவ வேணாமா? இப்டியேவா?"

"அழுக்கு கொஞ்சம் கூடவே போட்டுக் குடுங்க அண்ணே, தெரிஞ்ச ஆளுதான" என்றாள் தங்கமாரி.

அவருடைய தொட்டித் தண்ணீரையே ஒரு கவரில் ஊற்றி, ஸ்பாஞ்சை ஈரம் காயாமல் இருவரும் அறைக்குக் கொண்டுவந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வேல்விழி அதைத் தன் ஃபில்டருக்குள் வைத்தாள். அதன்பின் தினமும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு ஆறவைத்த தண்ணீர் ஊற்றினாள். தீனி ஒரு சிட்டிகைதான், அதுவும் தன் கையால்தான் என்று உத்தரவு போட்டாள். குப்பியில் பச்சை வெளுத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் காலை சூப்பர்வைசர் எழுந்து, ஒரு மஞ்சள் மீனைக் கல்லைச் சுற்றி விரட்டியது. வேல்விழி தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பிழைச்சிருச்சா? போச்சு, குழம்பு போச்சு" என்று சலித்துக்கொண்டே தங்கமாரி முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பினாள்.

அன்று வேல்விழிக்கு விடுமுறை. சாயங்காலம் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மீன்கள் அவளைக் கண்டுகொள்ளாமல் திரிந்தன. கதவு திறந்தது. தங்கமாரி உள்ளே கால் வைத்ததும் ஐந்தும் ஒன்றாகத் திரும்பி அவள் பக்கத்துக் கண்ணாடியில் போய் முட்டின. சூப்பர்வைசர் முன்னால் நின்று வாலை ஆட்டியது.

வேல்விழி மீனைப் பார்த்தாள். தங்கமாரியைப் பார்த்தாள். கண்ணாடியைச் சாய்த்துப் பார்க்கிற அதே பார்வை.

"ஏட்டி, இதுக என்னத்துக்கு உன்னைக் கண்டதும் ஓடியாருது?"

"எனக்கென்ன தெரியும்? குழம்புல போடுறவ வந்துட்டான்னு கும்பிடுதோ என்னவோ."

"கையை விரி."

"ஒண்ணுமில்லக்கா."

"விரிட்டி."

விரித்தாள். கம்பெனி கேன்டீன் புலாவிலிருந்து பொறுக்கி, மசாலா போக அலசிய பச்சைப் பட்டாணி ஐந்து இருந்தன. வேல்விழி ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"தோலுகூட உரிச்சிருக்கு?"

"அது... தோலோட தின்னா அதுகளுக்குச் செரிக்காதுல்லா" என்றாள் தங்கமாரி, சுவரைப் பார்த்துக்கொண்டு.