கால் தூக்கினால் நிற்காத வண்டி

கணவன் கண்ணை மூடியபோது தையற்காரிக்கு விட்டுப் போனவை ஒரு மகள், ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம், அந்த நிலத்தை ஒட்டியே நிலம் வைத்திருக்கும் ஒரு தம்பி. மகளை அவள் வளர்த்து ஆளாக்கினாள். நிலத்தில் சோளம் போட்டாள். அந்தத் தம்பியை மட்டும் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவே இல்லை.

கொழுந்தனிடம் பெரிய டிராக்டர் இருந்தது. மழை விழுந்ததும் வந்துவிடுவான், நிலத்துக்கு அல்ல, அண்ணி வீட்டு வாசலுக்கு. "மொத உழவு அண்ணி நிலத்துலதான்" என்பான். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்த் தன் நிலத்தை உழுவான். மச்சான் நிலத்தை உழுவான். கூலிக்குக் கூப்பிட்டவர்கள் நிலத்தையெல்லாம் உழுவான். அண்ணி நிலத்துக்கு வண்டி வந்து சேரும்போது மண் காய்ந்து பாளம் பாளமாக இறுகியிருக்கும். அதன் மேல் கலப்பையைக் கடகடவென்று இழுத்துவிட்டு, "ராசியில்லாத மண்ணு அண்ணி" என்று பழியை மண்ணின் தலையில் போட்டுவிட்டுப் போவான். விளைச்சல் படுத்துவிடும். பிறகு ஒரு நாள் சாவகாசமாக வந்து உட்கார்ந்து, "பேசாம எனக்குக் குத்தகைக்கு விட்டுடுங்களேன், உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி" என்பான். தலைவலியைக் கொடுத்தவனே தைலம் விற்கவும் வந்தான்.

அந்த நிலத்தின் வரப்பில் நின்றுதான் அவள் கணவன் கடைசியாக அவளைப் பார்த்துச் சிரித்தான். அதை இன்னொருவன் கையில் கொடுப்பதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வரும். ஆனால் உட்கார்ந்து அழ நேரம் ஏது? பள்ளிச் சீருடைகள் வெட்டிய துணியாக மலைபோல் குவிந்து கிடந்தன. அழுகையைத் தள்ளி வைத்துவிட்டுத் தைத்தாள்.

நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் தன் பழைய மினி டிராக்டரை விற்கிறார் என்று மகள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். மகள் செல்போன் கடையில் வேலை பார்ப்பவள். முகம் அப்பாவுடையது, நாக்கு அம்மாவுடையது. பேசி முடித்து, கலப்பையோடு சேர்த்து வாங்கிவிட்டார்கள். வண்டி வந்து சேர்ந்த சமயம் மழையும் பெய்து ஓய்ந்திருந்தது.

டீக்கடை முன்னால் வண்டியைப் பார்த்த கொழுந்தன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"பொம்மைக் கடையில வாங்கினீங்களா அண்ணி? சாவி முறுக்கி விட்டா எவ்வளவு தூரம் ஓடும்?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். தையற்காரி சிரிக்கவில்லை.

"வாக்கு கொடுத்துட்டு வராம இருக்காது தம்பி. அது போதும்."

இப்போதும் சிரித்தார்கள், ஆனால் வேறு பக்கம் பார்த்து. கொழுந்தனின் முகம் சுருங்கிப் போனது.

"அப்ப இந்த ஈரத்துல நீங்களே உழுதுடுவீங்க."

"உழுவேன்."

"உழ முடியலைன்னா?"

ரோஷம் அவளுக்கு முந்திக்கொண்டது. "முடியலைன்னா நிலம் உங்க குத்தகைக்கு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. கொழுந்தன் அந்த வார்த்தையைக் கீழே விழ விடவில்லை. டீக்கடைக்காரரையும் பெஞ்சில் இருந்த இரண்டு பேரையும் சாட்சிக்குக் கூப்பிட்டான். "ஈரம் போறதுக்குள்ள, முழு நிலமும். எல்லாரும் கேட்டுக்குங்க." அண்ணியின் சொல்லுக்கு அவன் காது கொடுத்தது அதுவே முதல் தடவை.

நாற்றுப்பண்ணைக்காரர் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று வந்தார். சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் தன் பெருமையை. இந்த வண்டியில் எத்தனை ஆயிரம் நாற்று ஏற்றினார், எந்தப் பெரிய மனிதர் வீட்டுத் தோட்டத்தை உழுதார் என்ற கதைகளுக்கு நடுவே, இடது காலுக்குக் கிளட்ச், வலது காலுக்கு பிரேக், கலப்பையைத் தூக்கி இறக்க இந்தக் கைப்பிடி என்று போகிற போக்கில் காட்டினார்.

"வேகத்தைக் கையால இதுல வச்சுட்டீங்கன்னா அப்புறம் காலுக்கு வேலையே இல்லம்மா. ராணி மாதிரி உட்கார்ந்துக்கலாம்."

அந்த ராணி மறுநாள் காலையில் நிலத்துக்குப் போகும் மண் பாதையில் தனியாக வண்டியை ஓட்டினாள். வண்டி முனகிக்கொண்டே போனது. மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. அப்போது எங்கிருந்தோ ஒரு கோழி குறுக்கே பாய்ந்தது. அவள் திடுக்கிட்டு இரண்டு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டாள். கோழி பிழைத்தது. வண்டி நிற்கவில்லை. யாருக்கும் கட்டுப்படாத மாடுபோல அது பாதையை விட்டு இறங்கி, அவளைச் சுமந்துகொண்டு நிதானமாக நடந்து, கொழுந்தனின் மோட்டார் கொட்டகைத் தகரத்தைச் சாய்த்து, உள்ளே இருந்த கல் தூணில் முட்டி மூச்சை நிறுத்தியது. அதுவரை அவள் தூக்கிய கால்களை இறக்கவே இல்லை.

கொழுந்தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். அவன் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவன் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"கதவு அந்தப் பக்கம் இருக்கு அண்ணி."

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள்.

"ஆமா, எதுக்கு ரெண்டு காலையும் தூக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க? ஊஞ்சல்னு நெனச்சுட்டீங்களா?"

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க ஊஞ்சல் கதை. துணி வாங்க வந்த பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தையற்காரி பல்லைக் கடித்துக்கொண்டு சீருடைக் காற்சட்டைகளைத் தைத்தாள். கண்ணீர் திரண்டு துணியில் சொட்டியது. துணி நீலம் என்பதால் கறை தெரியவில்லை. நிலம் கை மாறிய மாதிரியே அவளுக்குத் தோன்றியது.

"அம்மா!" என்று மகள் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

தையற்காரி திடுக்கிட்டாள். மிதிப்பலகையிலிருந்து கால் தானாக மேலே வந்தது. தையல் இயந்திரம் நின்றது.

அவள் அப்படியே உட்கார்ந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு மிதித்தாள், ஓடியது. தூக்கினாள், நின்றது. இத்தனை வருஷமாக விரல் ஊசிக்குப் பக்கத்தில் போனால், யாராவது கூப்பிட்டால், நூல் அறுந்தால், கால் மேலே வரும், ஓட்டம் நிற்கும். அந்தப் பழக்கத்தோடு போய் டிராக்டர் மேல் ஏறியிருக்கிறாள். அங்கே காலை அழுத்தினால்தான் நிற்கும்.

"ஊஞ்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இந்தக் கால் தையல்காரி கால்டீ" என்றாள் மகளிடம்.

"அதை வெட்டியா எறிய முடியும்?"

"பழக்கலாம். நாளைக்கு லீவு போடு. உனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இருக்கு."

"என்ன?"

"என்னைப் பதற வைக்கிறது."

அடுத்த நாள் வீட்டுப் பின்புறம் எஞ்சினை ஓட விடாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். மகள் பின்னால் நின்றுகொண்டு, நினைத்த நேரத்தில் கத்த வேண்டும். கத்தியதும் அம்மாவின் இரண்டு கால்களும் கீழே அழுத்த வேண்டும். தூக்கினால் மறுபடி முதலிலிருந்து.

"அம்மா, பாம்பு!" கால்கள் மேலே போயின.

"கால் எங்க போகுது? பாம்பு கீழதான இருக்கும்னு நெனப்பா?" என்றாள் மகள் இரக்கமில்லாமல்.

"அடுப்புல பால் பொங்குது!" மேலே.

"தலைமையாசிரியரம்மா வந்திருக்காங்க, பூரா சீருடையும் அளவு தப்பாம்!" மேலே போய், பாதியில் கீழே வந்தது.

சாயங்காலம்வரை கத்திக் கத்தி மகளின் தொண்டை கட்டிப்போனது. கடைசியில் சத்தமே இல்லாமல் அம்மாவின் காதருகே வந்து, "சித்தப்பா அவர் மச்சானுக்கு என்னைப் பொண்ணு கேட்டு வந்திருக்கார்" என்றாள். இரண்டு பெடல்களும் அடியில் போய் இடித்தன.

மறுநாள் எஞ்சினை ஓடவிட்டுப் பழகினாள். அதற்குள் மண் பதத்துக்கு வந்துவிட்டது. விட்டால் இறுகிவிடும். விடிந்ததும் கலப்பையை மாட்டிக்கொண்டு நிலத்துக்குப் போனாள்.

முதல் உழவுச்சால் கோணலாகப் போனது. இரண்டாவது அதற்குத் துணையாகக் கோணியது. மகளோடும் பெஞ்சில் இருந்த இருவரோடும் வரப்பில் வந்து நின்ற டீக்கடைக்காரர், "டெய்லரம்மா, பாவாடைச் சுருக்கம் மாதிரி இருக்கு" என்றார். அவள் திரும்பவில்லை. நிலத்தின் கோடிக்குப் போய்க் கலப்பையைத் தூக்கி, திருப்பி, இறக்கி, மறுபடி ஓட்டினாள். மண் கறுப்பாகப் புரண்டு, ஈர வாசனை எழுந்தது. கணவன் போன பிறகு அந்த நிலம் ஈரத்தோடு உழப்படுவதை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

பாதிக்கு மேல் முடிந்த பிறகு கொழுந்தன் வந்தான். வந்தவன் வரப்பில் நிற்கவில்லை. உழுத மண்ணில் இறங்கி, வண்டி வருகிற வழியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. அண்ணி பதறிக் காலைத் தூக்குவாள், வண்டி மேலே வரும், கடைசி நொடியில் இவன் ஒதுங்கிக்கொள்வான். அப்புறம் ஆள் மேல் வண்டியை ஏற்ற வந்தவள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்கலாம்.

"நிறுத்துங்க அண்ணி" என்றான் சிரித்துக்கொண்டே.

பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் கால்கள் கீழே போயின. வண்டி ஒரு குலுக்கலோடு அவன் நின்றிருந்த இடத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நின்றதைப் பார்க்கக் கொழுந்தன் அங்கே இல்லை. அண்ணியின் கால் மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கை அப்படி. அதற்கு முன்பே உழுத பக்கமாகத் துள்ளி, மல்லாந்து விழுந்து கிடந்தான். வெள்ளைச் சட்டையில் பாதி நிலம் ஒட்டியிருந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"உழுத எடத்துல உக்காராதீங்க தம்பி. மண்ணு இறுகிடும்."

வரப்பில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. மகள் சிரிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நிலம் முழுவதும் உழுது முடித்தபோது மண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. ஆனால் கொழுந்தன் போகாமல் காத்திருந்தான். வடக்கு மூலையைக் கை நீட்டிக் காட்டினான். வண்டி திரும்ப முடியாத, ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் அங்கே உழப்படாமல் கிடந்தது.

"முழு நிலம்னு பேச்சு. அது பாக்கி இருக்கே. சாட்சி எல்லாம் பாத்துக்குங்க."

டீக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். தையற்காரி வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"அந்த மூலையில கலப்பை பட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு கேளுங்க. இவர் பெரிய வண்டி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்தது இல்ல. அப்ப ஒவ்வொரு தடவையும் 'முழுசா முடிச்சாச்சு அண்ணி'ன்னுதான் சொன்னார். அது முழுசுன்னா இதுவும் முழுசு."

பெஞ்சுக்காரர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "முழுசுதான்" என்றார் ஒருவர். டீக்கடைக்காரர் கடையைத் திறக்க வேண்டும் என்று கிளம்பினார். கொழுந்தன் மண் ஒட்டிய சட்டையைத் தட்டிக்கொண்டு நடந்தான்.

"தம்பி" என்று கூப்பிட்டாள்.

அவன் நின்றான்.

"போறப்ப வேலிப் படலைச் சாத்திட்டுப் போங்க. மாடு வரும்."

கொழுந்தன் படலைச் சாத்தி, வெளியிலிருந்து கொக்கியை மாட்டினான்.

அவன் மறைந்த பிறகும் அவள் வண்டியிலிருந்து இறங்கவில்லை. மகள் ஓடி வந்து, "இறங்கும்மா, என்ன பெருமையா?" என்றாள்.

"பெருமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. முட்டி ரெண்டும் ஆடுது. கையைக் கொடு" என்றாள் தையற்காரி. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். ஈரமண்ணில் பாதம் புதைந்தது. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.