சர்வர் ரூம் சாவி

என் மேஜை டிராயரில் ஒரு பித்தளைச் சாவி கிடக்கிறது. அதன் பூட்டை நானேதான் உடைத்தேன். சாவி கையில் தட்டுப்படும்போதெல்லாம் எங்கள் பனியன் கம்பெனி ஜி.எம். மேல் இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

மனுஷர் திட்டுவதைக்கூட மரியாதையாகத் திட்டுவார். நான் தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவன். எங்கள் ஊரில் கோபம் வந்தால் சத்தம் போடுவோம், அதோடு முடிந்தது. இவரோ ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "டிப்ளமோதானுங்களே படிச்சிருக்கீங்க, பாவம், உங்களச் சொல்லி என்னங்க பண்றது?" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பில் போடும் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கம்ப்யூட்டருக்கெல்லாம் பொறுப்பு நான். சர்வர் ரூம் சாவி மட்டும் அவர் இடுப்பில். எந்த வேலையானாலும் என் சீட்டிலிருந்தே நெட்வொர்க் வழியாக சர்வருக்குள் லாகின் செய்துதான் பார்க்க வேண்டும். என்ன பிழைப்பு அது!

சர்வருக்குப் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏற்றிய மறுநாள், அவர் காலையில் தலையைக் காட்டிவிட்டு ஊத்துக்குளியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார், சாவியோடு. மத்தியானம் பேக்கிங் யூனிட்டிலிருந்து போன். கண்டெய்னர் லாரி வாசலில் நிற்கிறது, பேக்கிங் லிஸ்ட் எடுக்க வேண்டும், சர்வர் உள்ளே விடமாட்டேன் என்கிறது. நானும் முயன்றேன். என்னையும் விடவில்லை. பாஸ்வேர்டு சரி, கேபிள் சரி. கப்பலைத் தவறவிட்டால் ஆர்டரே போய்விடும். ஜி.எம்.முக்குப் போன் போட்டேன்.

"பந்தியில உக்காந்திருக்கறனுங்க. நல்லா ஓடிட்டிருந்தத மாத்துனது நீங்கதானுங்களே? கண்டெய்னர் போகலீன்னா நாளைக்கு வேலைக்கு வர வேண்டாமுங்க."

ஊரில் அம்மாவுக்கு நான் அனுப்புவதில்தான் அடுப்பு எரிந்தது. தையல் மெஷின் மெக்கானிக்கிடம் பெரிய ஸ்பேனரை வாங்கிப் பூட்டை அடித்து உடைத்தேன். உள்ளே சர்வரின் முன்னால் உட்கார்ந்ததும் விஷயம் விளங்கிவிட்டது. புது சிஸ்டத்தில், லைசென்ஸ் போடும் வரை, வெளியிலிருந்து ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் நுழைய முடியும். லாக் அவுட் செய்யாமல் திரையில் ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போனால் இடம் காலியாகாது. பஸ் சீட்டில் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற கதைதான். திரையில் இரண்டு பெயர்கள் அப்படி இடம் பிடித்திருந்தன. ஒன்று ஜி.எம்., காலையில் நோட்டம் பார்த்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறார்.

இன்னொன்று 'டெஸ்ட்'. சரிபார்க்க நானே உண்டாக்கி, நானே நுழைந்து, நானே மூடி, மறந்துபோன பெயர்.

பூட்டு உடைந்த சத்தத்துக்கு, வெளியே முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. 'டெஸ்ட்'டை வெளியேற்றினேன். அது ஒன்றே போதுமாக இருந்தது; பேக்கிங் யூனிட் உள்ளே வந்துவிட்டது, லாரி கிளம்பியது. ஜி.எம். பெயரை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்து, முதலாளிக்கு விரலால் தொட்டுக் காட்டி, ஜி.எம். போனில் சொன்னதையும் சொன்னேன்.

சாயங்காலம் கல்யாணச் சந்தனம் கழுத்தில் காயாமல் வந்து நின்றவரை, அத்தனை பேர் முன்னால் முதலாளி கேட்டார்: "ஏனுங்க, வழிய அடைச்சது நீங்க, வேலைய உட்டுத் தொரத்தறது அந்தத் தம்பியவா?"

அவர் திரையைப் பார்த்தார். பேக்கிங் யூனிட் வேலை முடித்து வெளியேறியிருந்தது; அவருடைய ஒற்றைப் பெயர்தான் மிச்சம். "நான் ஒருத்தன் உள்ள இருந்தா போதுமுங்களா, எல்லாருக்கும் அடைச்சுப்போடுமா?" என்று என்னிடம்தான் கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஆமா சார்" என்றேன்.

இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். "வெச்சுக்கோங்க தம்பி." பில் போடும் பெண்கள் இம்முறையும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இன்று என் கீழே நான்கு பேர் இருக்கிறார்கள். லாக் அவுட் செய்யாமல் எவனாவது எழுந்து போனால் கூரை பறக்கக் கத்துகிறேன். அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனாலும் டிராயரைத் திறந்து சாவியைப் பார்த்தால், அவர் கேட்ட கேள்விதான் முதலில் காதில் விழுகிறது, அதற்கு நான் சொன்ன பொய்யும்.