தம்பியின் விரலில் நான் வைத்த மை

அம்மாவுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று இதை எழுத எத்தனையோ வருடம் தயங்கினேன். மாரியம்மனை வேண்டிக்கொண்டு இன்று எழுதுகிறேன்.

நேற்று என் மகள் ஒரு கிரேக்கக் கதையை வாசித்தாள். பிள்ளையைச் சாவு அண்டக்கூடாது என்று ஒரு தாய் அவனை ஆற்றில் முக்கி எடுக்கிறாள். அவள் பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லை.

நாங்கள் குடியிருந்த மர்பி டவுனில் போலியோ சொட்டு மருந்து கொடுக்க நர்ஸ்கள் வீடுவீடாக வந்த அன்று, இதே கதையை நான் அம்மாவுக்குச் சொன்னேன். எனக்குப் பத்து வயது. வீடெங்கும் சாம்பிராணிப் புகை.

"அது அவ பெத்த புள்ள, அவளே முக்குனா. இங்க எவளோ வந்து என்னமோ ஊத்துவா, நான் வாயப் பொளந்து காட்டணுமா? சும்மா குடுக்கறாங்கன்னா உள்ள என்னமோ இருக்குது" என்றாள் அம்மா.

மருந்து குடித்த குழந்தைக்கு விரலில் மை வைப்பார்கள். தம்பி ஏற்கெனவே குடித்துவிட்டான் என்று காட்ட, என் ஸ்கெட்ச் பேனாவால் அவனுக்கு மை வைக்கச் சொன்னாள். எலெக்‌ஷன் மை போலத்தானே என்று ஆள்காட்டி விரலில் வைத்தேன்.

வாசலில் நர்ஸ் சிரித்துவிட்டாள். "ஏன்க்கா, உங்க பையன் ஓட்டு போட்டுட்டு வந்தானா? நாங்க சுண்டு விரல்லதான் வைப்போம்."

அம்மா அசரவில்லை. "மொதல்ல உன் நாக்குல விடு சிஸ்டர்."

நர்ஸ் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டாள். அம்மா அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ஆத்தா, நீதான் பாத்துக்கணும்" என்று தம்பியின் வாயைத் தன் கையாலேயே திறந்தாள்.

இதை யாரிடமாவது சொன்னால், அம்மா ஏமாற்றப் பார்த்ததையும் சொல்லுங்கள், வாயைத் திறந்ததையும் சொல்லுங்கள். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்லாதீர்கள்.