துருவுக்கு ஒரு கருத்துரை

போன வாரம் பூந்தமல்லியில் ஒரு வெல்டிங் பட்டறை வாசலில் குமரன் கண் கலங்கி நின்றார். காரணம்? அவருடைய நாற்காலி புதுசு போல் ஆகிவிட்டது.

கோவில்பதாகையில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் குமரன் ஒரு நவீன சிற்பி. எட்டு மாதமாக ஓர் இரும்பு நாற்காலியில் உப்புத் தண்ணீர் தெளித்துத் துரு வளர்த்தார். ஆமாம், வளர்த்தார்!

'துரு என்பது உலோகத்தின் ஞாபகம்' — இது சிற்பத்தின் பக்கத்தில் வைக்க அவர் ஆங்கிலத்தில் எழுதிய கருத்துரை. தமிழ்ப்படுத்தியவன் நான். புரிந்துதான் எழுதினேனா? அதை மட்டும் கேட்காதீர்கள்.

பட்டறைக்குப் போன மறுநாள், கண்காட்சிக்குப் படைப்புகளைப் பொறுக்கத் தேர்வுக்குழு வருவதாக இருந்தது. இதுவும் தேறாவிட்டால் ஊருக்கு வந்து கடையைப் பார் என்று அப்பா கெடு வைத்திருந்தார். நாற்காலிக்கு ஒரு கால் ஆடியதால் பட்டறைக்கார பஷீர் பாயிடம் கொடுத்திருந்தோம்.

"காலைப் பத்த வச்சிட்டேன் நைனா. ஒரே துரு... ஃபுல்லா தேச்சு ரெட் ஆக்சைடு அடிச்சிட்டேன். துருவோட ஒரு ஆணி கூட நம்ம பட்டறைய உட்டு வெளிய போனதில்ல" என்றார் பாய், பெருமையாக.

குமரன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தரையில்தான் — நாற்காலியில் சிவப்பு பெயின்ட் காயவில்லை.

ஆனால் திரும்பும்போது, ஆட்டோ பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் புதுக் கருத்துரை தயார். 'சிவப்பு — சமூகம் தன் காயங்களுக்குப் பூசும் ஒப்பனை.' துரு வளர எட்டு மாதம். கருத்து வளர நாலு சிக்னல். அதையும் தமிழ்ப்படுத்தினேன். என்ன செய்வது, மாடிக்காரர் ஆயிற்றே...

மறுநாள் கண்காட்சிக் கூடத்தில் தேர்வுக்குழு அம்மையார் நாற்காலியை மூன்று சுற்றுச் சுற்றினார். குனிந்தார். பின்னங்காலுக்கு உள்பக்கம், பிரஷ் எட்டாத கட்டைவிரல் அளவு இடத்தில் பழைய துரு!

"காலம் இங்கே அடங்க மறுக்கிறது. இதுதான் இந்தப் படைப்பின் உயிர்" என்றார். நாற்காலி தேர்வாகிவிட்டது.

"அதைத்தான் மேடம் நானும் சொல்ல வந்தேன்" என்றார் குமரன், கூசாமல். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்?

வெள்ளைச் சட்டை போட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த பாயின் முகம் மட்டும் சுருங்கிவிட்டது. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"அந்த எடம் உட்டுப்போச்சு சார். நாலு பேர் பாக்க மானம் போவுது. இங்க ஒரு பிரஷ் கெடைக்குமா?"

அந்தக் கூடத்தில் தன் வேலையைப் பற்றி எனக்குப் புரிகிற மாதிரி பேசியவர் அவர் ஒருவர்தான்.