நான் சுத்தம் செய்த பெட்டி

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. நான் தட்டிப் பார்த்த பிறகு கடைக்காரர் முகத்தையும் ஒரு முறை பார்ப்பேன். "போலீஸ்ல சேந்திருக்க வேண்டிய ஆளு, வழி தவறி கம்ப்யூட்டருக்கு வந்துட்டீங்க" என்பாள் என் மனைவி. அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பட ஆலை. அங்கே கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அது நான் ஒருவன்தான். திருவள்ளூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். வார்த்தெடுத்த உருப்படிகளை லேப்பில் அழுத்திப் பார்த்து, எவ்வளவு கெட்டி என்று ஒரு எண்ணைக் கம்ப்யூட்டரில் போடுவார்கள். அந்த எண் இல்லாமல் ஒரு லாரியும் கேட்டைத் தாண்டாது. அந்த மென்பொருள் என் பொறுப்பு.

இப்போதெல்லாம் மென்பொருளைக் கன்டெய்னர் என்கிற பெட்டிக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறோம். அந்தப் பெட்டியை அடியிலிருந்து நாமே செய்வதில்லை. யாரோ செய்து இணையத்தில் வைத்திருக்கிற பேஸ் இமேஜ் ஒன்றை இறக்கி, அதன் மேல் நம்முடையதை வைப்போம். யாரோ குடியிருந்த வீட்டைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு வாடகைக்கு எடுக்கிற மாதிரி. எனக்குப் பொறுக்குமா? ஒரு நாள் உட்கார்ந்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்தேன். ஐயையோ! நம் மென்பொருள் ஒருநாளும் தொடாத கருவிகள் கணக்கில்லாமல் கிடந்தன. திருடன் நுழைய அதில் ஒன்று போதாதா? அத்தனையையும் கடாசிவிட்டு, இருப்பதிலேயே மிகச் சிறிய இமேஜ் ஒன்றை எடுத்து அதன் மேல் பெட்டியை மறுபடி கட்டினேன். ஓட்டை தேடும் சோதனையில் ஒரு குறைகூட வரவில்லை. அன்றைக்கு விசிலடித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து, நாங்கள் அனுப்பிய உருப்படி ஒன்று விரிசல் விட்டதாக வாங்கியவர்களிடமிருந்து புகார் வந்தது. மேனேஜர் கூப்பிட்டார். "யாரு டெஸ்ட் பண்ணாங்க, எப்ப பண்ணாங்க, எடுத்துச் சொல்லு."

எடுத்துப் பார்த்தேன். பெயர், லேப்பில் காலை ஷிஃப்டு பார்க்கும் பெண்ணுடையது. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவள். முதலில் பிசிறு தேய்க்கும் இடத்தில் இரும்புத் தூசியில் நின்றவள். வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ முடித்து லேப்புக்கு வந்திருந்தாள். ஒப்பந்தத்தில்தான் இருந்தாள். நிரந்தரமாக்குகிற பட்டியலில் அந்த மாதம் அவள் பெயர் தலைமை அலுவலகத்துக்குப் போகவிருந்தது.

அவள் மேல் எனக்கு முன்னாலேயே ஒரு சந்தேகக் கண். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் வைத்திருந்ததை ஒரு முறை பிடித்திருக்கிறேன். "மறந்து பூடுது சார்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பெயருக்கு நேராக இருந்த நேரம், நள்ளிரவு ஒன்று பத்து. அவள் ஷிஃப்டே காலை ஆறு மணிக்குத்தான் ஆரம்பம்! அந்த வாரம் முழுக்க அவள் பதிவுகளைப் புரட்டினேன். ஒன்றரை, இரண்டே கால், மூன்று. லேப் திரையில் நேரம் தெரியாது. உள்ளே பதிவாகிற இந்த நேரத்தை எடுத்துப் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். எவனோ ராத்திரி அவள் சீட்டை வைத்து உள்ளே போய்ப் பொய் எண் போடுகிறான், இவளும் உடந்தை என்று முடிவு கட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு வந்தது சந்தோஷம்தான். சிக்கினாள் என்ற சந்தோஷம்.

மேனேஜருக்கு மெயில் போட்டேன். அன்று மதியமே அவளைப் பழையபடி பிசிறு தேய்க்க அனுப்பிவிட்டார்கள். பட்டியலிலிருந்து பெயரையும் அடித்தார்கள்.

மறுநாள் என் அறைக்கு வந்தாள். தூசிக்குக் கட்டிய துணி கழுத்தில் தொங்கியது.

"நைட்டு ஒரு மணிக்கு நான் எங்க ஊட்ல தூங்கிக்கினு இருந்தேன் சார். இங்க எப்டி நம்பர் போட்டேன்?"

"அதத்தாம்மா நானும் கேக்குறேன். சீட்ட யாருக்குக் குடுத்த?"

"யாருக்கும் குடுக்கல. நீங்க திட்டுன அன்னிக்கே கிழிச்சிப் போட்டேன். அந்தப் பீஸுக்கு நம்பர் நான்தான் போட்டேன். காலைல ஆறு நாப்பதுக்குப் போட்டேன்."

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

"நான் சொல்றேனா? ஊருக்கு இளைச்சவன் புள்ளையார் கோயில் ஆண்டி. எல்லாத்தையும் என் தலையிலயே கட்டுங்க." கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை. "என்னுத மட்டும் தோண்டித் தோண்டிப் பாத்தீங்களே சார், மத்தவங்களுது பாத்தீங்களா? உங்களுது பாத்தீங்களா?"

என்னுடையதா! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயை அடைக்க வேண்டும் என்றே திரையை அவள் பக்கம் திருப்பி என் பதிவைத் திறந்தேன். முந்தின நாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஒன்பதரைக்கு, அந்த மென்பொருளுக்குள் போயிருந்தேன். என் பெயருக்கு நேராக விடியற்காலை நாலு மணி என்றிருந்தது.

"இன்னா சார், நீங்களும் நாலு மணிக்கே வந்துட்டீங்களா?" என்றாள். சிரிக்கவில்லை.

நாலு மணிக்கு நான் திருவள்ளூரில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். மேனேஜர் பதிவைப் பார்த்தேன், மற்றவர்கள் பதிவையும் பார்த்தேன். ஆலை முழுக்க ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருந்தது. கடாசியவற்றோடு, எந்த நாட்டுக்கு எந்த நேரம் என்கிற சின்ன அட்டவணையையும் நான் கடாசியிருக்கிறேன். இந்திய நேரம் போடு என்று மென்பொருளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். அட்டவணை இல்லாததால், தெரியாது என்றுகூடச் சொல்லாமல் அது உலகப் பொது நேரத்தை எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. ஆறு நாற்பது அப்படித்தான் ஒன்று பத்து ஆனது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் என் கையாலேயே இருட்டாக்கிவிட்டு, பேயைப் பிடித்தேன் என்று மெயிலும் போட்டிருந்தேன்.

அட்டவணையைத் திரும்பச் சேர்க்க அரைமணி நேரம் ஆனது. மேனேஜரிடம் ஓடினேன். அந்த உருப்படியோடு சேர்த்து வார்த்து லேப்பில் எடுத்து வைத்திருந்த மாதிரித் துண்டை மறுபடி சோதிக்கச் சொன்னார். அவள் போட்ட எண்ணே வந்தது.

"சரி, லேப்புக்கே வரட்டும்" என்றார். "ஆனா லிஸ்ட் நேத்து சாயங்காலமே போயிடுச்சேப்பா. அடுத்த வருஷம் பாப்போம்."

தப்பு முழுக்க என்னுடையது என்று தலைமை அலுவலகத்துக்கு நானே எழுதினேன். அடுத்த பட்டியலில் பரிசீலிப்போம் என்று ஒரு வரி பதில் வந்தது. அவளிடம் போய்ச் சொன்னேன். மன்னிச்சிடும்மா என்றும் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் லேப்புக்குள் நுழைந்தேன். ஒரு உருப்படியைச் சோதித்து எண்ணைப் போட்டவள், பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து அதிலும் எழுதினாள். நோட்டையும் பேனாவையும் என் பக்கம் நீட்டினாள்.

"ஒரு கையெழுத்து போடுங்க சார்."

"எதுக்கும்மா? அதான் சரி பண்ணிட்டேனே."

"பண்ணிட்டேன்னு நீங்க சொல்றீங்க. எனக்கு எப்டி சார் தெரியும்?"

ஊரையெல்லாம் நான் கேட்கிற கேள்வி. கையெழுத்தைப் போட்டு நோட்டைக் கொடுத்தேன். உற்றுப் பார்த்தவள், நோட்டைத் திரும்ப என்னிடமே நீட்டி, கீழே மணியையும் எழுதச் சொன்னாள்.