ஒரு விரல் இடுக்கு

குளிரைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. இருபத்தாறு வருஷமாக ஏர்கான் மாட்டுகிற, கழுவுகிற, ரிப்பேர் பார்க்கிற வேலை. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸிலிருந்து சுவா சூ காங் வரை நான் ஏணி போடாத அடுக்குமாடி புளோக் கிடையாது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பேன். கொஞ்சம் திறந்திருந்தால் போதும், அங்கேயே ஆரம்பித்துவிடுவேன். "என்ன ஆன்ட்டி, இப்படித் தொறந்து போட்டா ரூம் எப்படி லா கூல் ஆகும்?" பாவம், அவர்கள் ஓடிப்போய் மூடுவார்கள்.

ஆனால் என் வீட்டிலேயே ஒரு ஜன்னல் திறந்திருந்தது. என் மனைவிக்கு நாலு பக்கமும் அடைத்துவிட்டால் தூக்கம் வராது. புக்கிட் மேராவில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் ஏர்கான் ஓடும். அவள் பக்கத்து ஜன்னல் மட்டும் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருக்கும். நான் மூடுவேன், அவள் திறப்பாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்து. "ஏர்கான்காரன் பொண்டாட்டி செய்யிற வேலையா இது?" என்பேன். "மூச்சு விடணும்ங்க. அதெல்லாம் உங்க மெஷினுக்கு எங்க தெரியும்?" என்பாள். யார் எப்போது ஜெயிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

எங்களுக்கு ஒரே மகள். அவள் பாலிடெக்னிக் முடித்த வருஷம், ஜூன் மாதம், நியூசிலாந்துக்குப் போய் வேன் எடுத்துச் சுற்றுவது என்று முடிவு செய்தோம். அங்கே அப்போது நடுக் குளிர்காலம். பின்பக்கம் மூன்று பேர் படுக்க மெத்தை போட்ட வேன். வேனிலேயே சமைத்து, வேனிலேயே தூங்கலாம். வாடகைக் கம்பெனியில் ஹீட்டர் வைத்த வண்டி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "குளிரை அடைச்சு வைக்கத் தெரிஞ்சவனுக்குச் சூட்டை அடைச்சு வைக்கத் தெரியாதா?" என்று வீட்டில் வேறு சொன்னேன். வாய் பாருங்கள் எனக்கு.

சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் ஏறி இறங்கிக் கம்பளியும், மூன்று குரங்குக் குல்லாவும், கால் உறையும் வாங்கினோம். போகிற இடத்தில் ஹலால் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று மனைவி சம்பாலும் மீன் டின்னும் மூட்டை கட்டினாள். சமைக்க எங்கள் ஸ்டீம்போட் அடுப்பு. மேஜை நடுவில் வைத்து, சின்ன கேஸ் டின் செருகிப் பற்றவைக்கிற அடுப்புதான், இங்கே வீட்டுக்கு வீடு இருக்குமே, அது. கேஸ் டின்னை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். நான் என் பங்குக்கு வேலைப் பெட்டியிலிருந்து நாலு சுருள் ஃபோம் டேப் எடுத்து வைத்தேன். ஏர்கான் குழாய் போகிற ஓட்டையைச் சுற்றி ஒட்டுவோமே, அந்த டேப்.

அதை எடுக்கும்போது என் கூட வேலை பார்ப்பவர் பார்த்துவிட்டார். கோத்தகிரி பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும், எட்டு வருஷமாக என் லாரியில்தான் வருகிறார். விஷயத்தைச் சொன்னேன். அவர் டிரில்லைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, எங்க ஊர்ல மார்கழி, தையில தண்ணி உறைஞ்சு கிடக்கும். நான் சொல்றதைக் கேளுங்க. மேல போத்துறதைவிடக் கீழ விரிக்கிறதுதான் முக்கியம். கண்ணாடி ஒரு விரல் அளவு தொறந்தே இருக்கட்டும். அடுப்பை மட்டும் உள்ள எரியவிட்டுத் தூங்கிடாதீங்க."

"யோவ், டீ எஸ்டேட்ல குல்லா போட்டுத் திரிஞ்சா குளிர் எக்ஸ்பர்ட்டா? நீங்க கரியடுப்புக் கதையைச் சொல்றீங்க. இது கேஸுய்யா. புகையே வராது," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சுவரைத் துளைக்கப் போய்விட்டார்.

முதல் இரவு ஒரு ஏரிக்கரைக் கேம்ப் சைட். சூரியன் மறைந்ததும் வந்த குளிர் இருக்கிறதே, யா அல்லா, எலும்புக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது. நான் உற்சாகமாக வேலையில் இறங்கினேன். காற்றுத் துளை, கதவு விளிம்பு, கண்ணாடி விளிம்பு, ஒன்று விடாமல் டேப் ஒட்டினேன். இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக எந்த வீட்டையும் அடைத்ததில்லை. பிறகு மனைவி சோறாக்கிய அந்த அடுப்பையே கால்மாட்டில் ஒரு பலகை மேல் வைத்துச் சிறிதாக எரியவிட்டேன். பத்து நிமிஷத்தில் வேன் கதகதவென்று ஆகிவிட்டது. "வாப்பா, சூப்பர் லா," என்றாள் மகள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜன்னல் பக்கம் மனைவி, நடுவில் மகள், கதவுப் பக்கம் நான். கொஞ்ச நேரத்தில் மனைவி, "என்னங்க, தலை வலிக்குது. கண்ணாடியைக் கொஞ்சம் தொறக்கவா?" என்றாள்.

"ஆரம்பிச்சிட்டியா? இங்கயுமா? கையை வச்ச, அவ்வளவுதான்."

மகளும் முனகினாள். "எனக்கும் ஒரு மாதிரி இருக்கு வாப்பா. வாந்தி வர்ற மாதிரி."

"மீன் டின்னை அப்படி அள்ளித் தின்னா வராம என்ன செய்யும்? பேசாமப் படுங்க ரெண்டு பேரும்." இதைச் சொல்லிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். எனக்கும் நெற்றியில் வலி இருந்தது. பயண அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

விடியுமுன் சுபுஹு தொழுகைக்கு எழுந்தபோது பல் கிட்டியது. அடுப்பு கேஸ் தீர்ந்து அணைந்திருந்தது. வேனுக்குள் வெளியே இருக்கிற அதே குளிர். பார்த்தால், மனைவி தலைமாட்டில் டேப் முழு நீளத்துக்கும் பிய்ந்து தொங்குகிறது. காற்றுத் துளை திறந்திருக்கிறது. கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியிருக்கிறது. அவள் மகளை நடுவிலிருந்து தன் பக்கம் இழுத்து, அந்த இடுக்குக்கு நேராகப் பிள்ளை முகத்தை வைத்து அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

நான் கத்திய கத்தலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "அறிவிருக்கா உனக்கு? ஒரு ராத்திரி என் பேச்சைக் கேட்டா குறைஞ்சா போயிடுவ? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யார் பதில் சொல்றது?" பக்கத்து வேனிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். மகளுக்கு இரண்டு தும்மல் வந்தது. அதையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டேன். மனைவி குழாயடிக்குப் போய், அந்த ஐஸ் தண்ணீரில் கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, "தெரியாமச் செஞ்சிட்டேன். மூச்சு முட்டுச்சு, அதான். மன்னிச்சுக்குங்க," என்றாள்.

மறுநாள் ராத்திரி அவளே டேப்பை எடுத்து, என் கண் முன்னாலேயே அழுத்தி அழுத்தி ஒட்டினாள். மிச்சமிருந்த கேஸ் சமையலுக்கே வேண்டும் என்பதால் அடுப்பு வைக்கவில்லை. அந்த ஒரு காரணத்தால்தான். வேறு எந்தப் புத்தியும் எனக்கு வந்துவிடவில்லை. வெந்நீரைப் புட்டியில் ஊற்றிக் கால் உறைக்குள் போட்டு ஆளுக்கொன்று கொடுத்தது அவள் யோசனை. அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நாங்கள் விட்ட மூச்சு கண்ணாடியில் தண்ணீராக வழிந்து, விடியும்போது கம்பளியெல்லாம் ஈரம். அதையும் ஏரிக்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

சிங்கப்பூர் திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், லாரியில் கோத்தகிரிக்காரரிடம் இதைப் பெரிய சாகசம் போல அளந்தேன். "எல்லாத்தையும் அடைச்சு, அடுப்பும் வச்சு, ஓவன் மாதிரி ஆக்கி வச்சிருந்தேன். உங்க அண்ணி டேப்பைப் பிச்சு எல்லாத்தையும் கெடுத்துட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. "தலை வலிச்சுதாண்ணே?" என்றார். ஆமாம் என்றேன். "குமட்டுச்சா?" மகளுக்கு என்றேன்.

அவர் தன் ஊரில் நடந்த ஒன்றைச் சொன்னார். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில் புருஷன், பொண்டாட்டி, ஒரு பிள்ளை. குளிருக்காகக் கதவைச் சாத்திக் கோணி அடைத்து, அடுப்பை எரியவிட்டுப் படுத்தார்கள். காலையில் கதவை உடைத்தபோது மூன்று பேரும் தூங்குகிற மாதிரியே கிடந்தார்கள். "கரியோ கேஸோ, அடைச்ச இடத்துல எரிஞ்சா அதே விஷம்தாண்ணே. வாசனை இருக்காது, தெரியவே தெரியாது. அண்ணிக்கு நான் ஒரு கும்பிடு போட்டேன்னு சொல்லுங்க."

புருஷன், பொண்டாட்டி, ஒரு பிள்ளை. லாரியை ஓரம் கட்டிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கே சொல்லிவிட வேண்டும், காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனேன். அவள் டீ கொடுத்தாள். நான் டீயைக் குடித்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளத் தள்ளச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. இதற்குள் அவள் அதை ஒரு தமாஷ் கதையாக்கிவிட்டாள். பெருநாளுக்கு வீடு நிறைய ஆள் வருவார்கள். பிரியாணி தட்டோடு அவள் ஆரம்பிப்பாள். "இவர் மாடு மாதிரி உழைச்சு வேனை அடைச்சு வச்சாரு. நான் ஒரு மூதேவி, நடு ராத்திரி எழுந்து பர்ருன்னு பிச்சுட்டேன்! மூணு பேரும் விறைச்சுப் போயிட்டோம்." எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். மூன்று பெருநாள் சிரித்தேன்.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கள் படுக்கையறை ஜன்னல் மூடியே இருந்தது. அவளே மூடுவாள். இடுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவியும் பார்ப்பாள். நான் ஜெயித்துவிட்டேன். சரியாக மூச்சு விடத் தெரிந்த ஒரே ஆளை, அது தப்பு என்று நம்பவைத்து ஜெயித்தேன்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகள் இப்போது பல்கலைக்கழகத்தில். தோழிகள் இரண்டு பேரோடு அதே நியூசிலாந்து, அதே மாதிரி வேன். கூடத்தில் பெட்டி திறந்து கிடக்கிறது. மனைவி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிறாள். குல்லா, கால் உறை. பிறகு ஸ்டீம்போட் அடுப்பு. பிறகு என் பெட்டியிலிருந்து இரண்டு சுருள் ஃபோம் டேப்.

"உம்மா மாதிரி லூசுத்தனம் பண்ணாத," என்கிறாள் மகளிடம். "வாப்பா செஞ்ச மாதிரி எல்லா ஓட்டையும் நல்லா அடை. அடுப்பைச் சிம்ல வச்சுக் கால்மாட்டுல வை. தலை வலிச்சாலும் பொறுத்துக்க, அது குளிருக்கு வர்றதுதான்."

மகள் தலையாட்டிக்கொண்டே போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்தேன். அடுப்பையும் எடுத்தேன். "ஏங்க, என்ன?" என்றாள். சொல்லிவிட்டேன். கோத்தகிரிக்காரர் முதலில் எச்சரித்ததையும், திரும்பி வந்த பிறகு சொன்னதையும், லைன் வீட்டில் செத்த மூன்று பேரையும், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். மகள் போனைக் கீழே வைத்தாள்.

மனைவி அழவில்லை. கையிலிருந்த குல்லாவை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அன்னைக்குத் தலை வலிக்குதுன்னு நான் சொன்னப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது."

"ஊருக்கு வந்ததும் தெரியும்."

"தெரியும்."

"அப்ப மூணு வருஷமா என்னை நானே மூதேவின்னு சொல்லிக்கிட்டேன். நீங்க பக்கத்துல உட்காந்து சிரிச்சிருக்கீங்க. இப்பப் பிள்ளைக்கு நானே என் கையால..." அவள் முடிக்காமலே எழுந்தாள். படுக்கையறைக்குப் போனாள். ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு விரல் அளவு இல்லை, முழுக்கத் திறந்தாள். மத்தியான வெயில் அறைக்குள் வந்து விழுந்தது. நான் வாசலிலேயே நின்றேன்.

மகள் வெந்நீர்ப் புட்டியும் கீழே விரிக்க இரண்டு கம்பளியும் எடுத்துக்கொண்டு போய், கண்ணாடியை இறக்கி வைத்துத் தூங்கி, பத்திரமாகத் திரும்பி வந்தாள். அல்ஹம்துலில்லாஹ். மனைவி என்னோடு பேசுகிறாள், சமைக்கிறாள், கோபமெல்லாம் காட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தப் பெருநாளுக்கும் வீடு நிறைய ஆள். கோத்தகிரிக்காரரையும் கூப்பிட்டிருந்தேன். சாப்பிட்டு முடிக்கிற நேரம், மனைவியின் தம்பி, என் மச்சான், வழக்கம்போல ஆரம்பித்தான். "லாத்தா, அந்த டேப் பிச்ச கதையைச் சொல்லு லாத்தா. புதுசா வந்தவங்க கேட்டதில்ல."

அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அதை அவரு சொல்லுவாரு," என்றாள்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள், சிரிக்கத் தயாராக. கோத்தகிரிக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்கு ராத்திரி இவ அந்த டேப்பைப் பிய்க்கலைன்னா," என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். மகள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

மனைவி தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"குடிச்சிட்டு முழுசாச் சொல்லுங்க," என்றாள்.